கிராமபோன் ஊசி ஷார்ப்பனர்: சேகரிப்பவர்களும் பயன்படுத்துபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிராமபோன் ஊசியைத் தீட்ட ஒரு கருவி எதற்காக வந்தது?

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 சுற்று இசைத்தட்டு, தன் மேல் ஓடும் ஊசியைத் தேய்க்கும்படியே செய்யப்பட்டது. அதில் அரக்கு ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சிலேட்டுக்கல் பொடி போன்ற தாதுத் தூள். கறுப்பு நிறத்துக்குக் கரி, பிடிப்புக்குப் பஞ்சு நார். கூரான எஃகு ஊசியைத் தட்டில் இறக்கியதும், முதல் சில சுற்றுகளிலேயே அந்தத் தாதுத் தூள் ஊசியின் முனையை அரைத்து, பாட்டு பதிந்த பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். இழக்க வேண்டியது ஊசி, இருக்க வேண்டியது தட்டு என்பதுதான் ஏற்பாடு.

தேய்மானம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் 3 நிமிடம் ஓடினால் 230 சுற்றுக்கு மேல் ஆகிறது. அந்தப் பள்ளத்தை நீட்டிப் பார்த்தால் சுமார் 130 மீட்டர். 12 அங்குலத் தட்டில் 200 மீட்டரைத் தாண்டும். 100 கிராமுக்கு மேல் எடையுள்ள சவுண்ட் பாக்ஸை (ஊசியைப் பிடித்து அதன் அசைவை ஒலியாக்கும் தலைப்பகுதி) நுனியில் தாங்கிக்கொண்டு ஊசி அவ்வளவு தூரம் உரசிப் போகிறது. அதனால்தான் பக்கத்துக்கு ஒரு புது ஊசி என்ற விதி வந்தது. 200 ஊசி கொண்ட சின்னத் தகர டப்பா ஒன்று வாங்கினால் 200 பக்கம் கேட்கலாம்.

இந்த விதியிலிருந்து விலக வழி தேடியவர்கள் மூங்கிலுக்குப் போனார்கள். 1907இல் சிகாகோவைச் சேர்ந்த எஃப். டி. ஹால் மூங்கில் ஊசிக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க கிராமபோன் நிறுவனமான விக்டர் கம்பெனி அந்த ஊசியை விற்றது. முனை மழுங்கினால் நுனியைச் சற்றே வெட்டிவிட்டு மறுபடி போடலாம் என்பது அதன் சிறப்பு. வெட்ட ஒரு கட்டர் தேவைப்பட்டது. பிறகு 1930களில் இங்கிலாந்தில் கள்ளிச்செடி முள்ளால் ஆன ஊசி பரவியது. அதை வெட்ட முடியாது, உரசித்தான் தீட்ட வேண்டும். அதற்கு வேறு வகை ஷார்ப்பனர் வந்தது. எஃகு ஊசியையே திரும்பத் தீட்டித் தருவதாகச் சொன்ன கருவிகளும் சந்தைக்கு வந்தன.

ஆக, சேகரிப்பவர் கைக்கு வருபவை மூன்று இனம்: மூங்கில் கட்டர், முள் ஷார்ப்பனர், எஃகு ஷார்ப்பனர். மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பல தட்டுகள் பாழாகின்றன.

எஃகு ஊசியைத் தீட்டி மறுபடி போடலாமா?

வேண்டாம். அந்தக் கருவியை வாங்குங்கள், வையுங்கள், அதன் வேலைப்பாட்டை ரசியுங்கள். அதில் தீட்டிய ஊசியை மட்டும் தட்டில் வைக்காதீர்கள்.

தொழிற்சாலையிலிருந்து வரும் எஃகு ஊசியின் முனை வெறும் கூர் அல்ல. மெருகேற்றி, நுண்ணிய உருண்டையாக்கி அனுப்புகிறார்கள். 78 சுற்றுத் தட்டின் பள்ளத்து அகலம் சுமார் 0.15 மில்லிமீட்டர். அதற்குள் இறங்கும் உருண்டையின் ஆரம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. கையால் சுற்றும் சாணைக்கல்லில் இந்த அளவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கிடைப்பது உரசல் கோடுகள் ஓடிய ஒரு கூம்பு மட்டுமே. லென்ஸில் பார்த்தால் அந்தக் கோடுகள் தெரியும். பள்ளத்துச் சுவருக்கு அவை அரமாக அமையும்.

இதைவிடப் பரவலான கேடு ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஓடிய எஃகு ஊசியைக் கழற்றி, சற்றுத் திருப்பி மாட்டி மறுபடி போடுவது. ஓடிய ஊசியின் இரு பக்கமும் பட்டையாகத் தேய்ந்து, பட்டையின் ஓரம் உளி விளிம்பாக இருக்கும். திருப்பி மாட்டினால் அந்த விளிம்பு நேராகப் பள்ளத்தில் படும். பழைய தட்டுகளில் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்துக் கிடக்கும் பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை இப்படித் தேய்ந்த ஊசியால் வந்தவைதாம்.

புதிய எஃகு ஊசி இன்றும் தயாராகிறது, நூறு நூறாக விற்கிறார்கள். தட்டைவிட ஊசி மலிவு. இதில் சிக்கனம் பார்ப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எஃகு ஷார்ப்பனரை ஏன் செய்தார்கள்?

அன்றாடம் பத்துப் பதினைந்து பக்கம் கேட்பவருக்கு ஊசிச் செலவு உறுத்தியது. அந்த உறுத்தலுக்கு ஒரு வியாபாரம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் நிலைமை இன்னும் இறுகியது. எஃகு ஆயுதத்துக்குப் போனது, ஊசி கிடைப்பது அரிதாயிற்று. அரக்குக்கும் அதே கதி. 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் இசைத்தட்டுக்குப் போகும் அரக்கை வெகுவாக வெட்டியது.

அந்த அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டின் சோட்டா நாக்பூர் காடுகளில் அரக்குப் பூச்சியிடமிருந்து எடுத்தது. ராஞ்சி அருகே நாம்கும் என்ற ஊரில் 1924இலேயே அரக்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கும் அளவுக்கு அது பெரிய தொழில். லண்டனிலும் நியூயார்க்கிலும் சுற்றிய தட்டுகளுக்கு மூலப்பொருள் இங்கிருந்து போனது என்பதைக் கிராமபோன் பிரியர்கள் பலரும் கவனிப்பதில்லை.

மூங்கில் கட்டரை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் ஊசியைப் புரிந்துகொள்ளுங்கள். மூங்கில் ஊசியின் குறுக்கு வெட்டு முக்கோணம். மூன்று முகங்களில் ஒன்று பளபளப்பாக இருக்கும்; அது மூங்கிலின் வெளித்தோல். மூங்கிலில் மிகக் கடினமான பகுதி அதுதான். முனை அந்தத் தோலில் அமையும்படி சாய்வாக வெட்ட வேண்டும். உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதியில் முனை விழுந்தால் அரை நிமிடம்கூடத் தாங்காது.

கட்டர் என்பது கைப்பிடியை அழுத்தினால் நகரும் ஒரு சிறு கத்தி, அதற்கு எதிரே முக்கோணத் துளை. துளையின் வடிவமே ஊசியைச் சரியான திசையில் நிற்கவைக்கும். ஊசியை அடிவரை தள்ளி, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் நார் பிளந்துவிடும். மழுங்கிய நுனி மட்டும் போனால் போதும். பேராசையோடு நிறைய வெட்டினால் ஊசி சீக்கிரம் தீரும். அளவாக வெட்டினால் ஓர் ஊசியிலிருந்து பத்து முனைக்கு மேல் எடுக்கலாம்.

வெட்டியதும் லென்ஸில் பாருங்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் போதும். வெட்டு முகம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். நார் தூக்கி நின்றால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள்.

உங்கள் சவுண்ட் பாக்ஸ் இந்த ஊசியை ஏற்குமா என்பதையும் பாருங்கள். விக்டர், ஹெச்.எம்.வி. சவுண்ட் பாக்ஸ்கள் பலவற்றில் ஊசித் துளை வட்ட ஊசியும் முக்கோண ஊசியும் நுழையும்படி அமைந்திருக்கும். வெறும் வட்டத் துளை மட்டும் உள்ளவற்றில் மூங்கிலைத் திணிக்காதீர்கள். திருகையும் விரலால் இறுக்கும் அளவோடு நிறுத்துங்கள். இடுக்கி போட்டு இறுக்கினால் மூங்கில் நசுங்கிவிடும்.

முள் ஷார்ப்பனர் எப்படி வேலை செய்கிறது?

என் மனத்துக்கு மிக நெருக்கமான கருவி இது. சேகரிப்பவர்களும் இதைத்தான் அதிகம் தேடுகிறார்கள்.

கள்ளிமுள் உருண்டையானது, நெருங்கிய நார் கொண்டது, மூங்கிலைவிட உறுதியானது. அதன் முனையைக் கூம்பாகத் தீட்ட வேண்டும். அதற்கு இரண்டு அசைவுகள் ஒருசேர நடக்க வேண்டும்: முள் தன் அச்சில் சுழல வேண்டும், அதே சமயம் அதன் நுனி நுண்ணிய உப்புத்தாளில் சாய்வாக உரச வேண்டும். கைவிரலில் முள்ளை உருட்டி உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள், முனை நடுவில் வராது, ஒரு பக்கம் சரியும். கருவியின் வேலை முனையை அச்சின் நடுவிலேயே நிறுத்துவது.

பெரும்பாலான மாதிரிகளில் முள்ளைப் பிடிக்க ஒரு சிறிய கவ்வி உண்டு. சிலவற்றில் கவ்வியோடு சேர்ந்த உருளையைத் தாளின் மேல் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். சிலவற்றில் தாள் ஒட்டிய வட்டு சுற்றும். பிரிட்டனில் லண்டனின் இம்ஹாஃப் நிறுவனம் விற்ற ஐ.எம். பாயிண்ட்மாஸ்டர் மிகவும் பெயர் பெற்றது. கையால் செய்த பெரிய புனல் கிராமபோன்களுக்குப் புகழ்பெற்ற ஈ.எம்.ஜி. நிறுவனம் டேவி என்ற பெயரில் முள் ஊசி விற்றது. பி.சி.என். முள்ளும் அதே காலத்தது. அந்த முள் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பயன்படுத்தும் முறையில் அழுத்தம்தான் முக்கியம். தாளின் மேல் முள்ளின் எடை மட்டும் இருந்தால் போதும். அழுத்தினால் உரசும் சூட்டில் நார் கருகி முனை உதிரும். தீட்டி முடித்ததும் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள். தாளிலிருந்து கழன்ற துகள் முள்ளில் ஒட்டியிருந்தால் அது தட்டுக்குப் போய்ச் சேரும். இந்த ஒரு படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முனை எவ்வளவு கூராக இருக்க வேண்டும்?

தையல் ஊசி அளவுக்கு நீளமாக மெலிந்தால் முதல் உரத்த சுரத்திலேயே ஒடிந்துவிடும். மிகவும் மொண்ணையாக இருந்தால் பள்ளத்தின் உள்ளே இறங்காமல் மேல் விளிம்பில் சவாரி செய்யும். இரைச்சல் கூடும், பாட்டு மங்கும். பென்சிலைத் தச்சர் சீவுவது போலக் குறுகிய, உறுதியான கூம்பாக இருக்கட்டும். தட்டில் இறங்கியதும் மீதி வடிவத்தைப் பள்ளமே கொடுத்துவிடும்.

எந்தத் தட்டை மூங்கில், முள் ஊசியில் போடலாம்?

பக்கவாட்டில் அசையும் பள்ளமுள்ள சாதாரண 78 சுற்று அரக்குத் தட்டு, அதுவும் பள்ளம் நல்ல நிலையில் இருந்தால், தாராளமாகப் போடலாம். தனிக் குரல், வயலின், புல்லாங்குழல், நால்வர் இசை போன்றவை முள்ளில் மிக அழகாக ஒலிக்கும்.

பாத்தே கம்பெனியின் பழைய தட்டுகளில் பள்ளம் மேலும் கீழுமாக அசையும்படி வெட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு உருண்டை நீலக்கல் முனை வேண்டும். எடிசனின் தடித்த டயமண்ட் டிஸ்க்குகளுக்கு வைர முனை. இவை இரண்டிலும் மூங்கில், முள், எஃகு எதையும் வைக்காதீர்கள். 1948க்குப் பிறகு வந்த எல்.பி. என்ற நீண்டநேரத் தட்டுகளைக் கிராமபோனில் வைக்கவே கூடாது. அவற்றின் பள்ளம் மிக நுண்ணியது, ஒரே ஓட்டத்தில் அழிந்துவிடும்.

நம் ஊர்த் தட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிராமபோன் கம்பெனி 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடத் தொடங்கியது. இந்தியாவில் 78 சுற்றுத் தட்டு 1960களிலும் வந்துகொண்டிருந்தது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் காலத்துத் தட்டுகள் நம் கைக்கு வரும்போது பெரும்பாலும் எஃகு ஊசியில் எண்ணற்ற முறை ஓடியவை. சொரசொரத்துப் போன அந்தப் பள்ளங்களில் முள் வைத்தால் முதல் நிமிடத்திலேயே முனை போய்விடும். குறை முள்ளிடம் இல்லை. அத்தகைய தட்டுக்கு மென்மையான பிக்கப் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் தலை) உள்ள மின் பிளேயரில் 78க்கான முனையை மாட்டி ஒருமுறை ஓட்டி, கணினியில் பதிவு செய்துகொள்வதே நல்லது. 1950களின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் வந்த தட்டுகளும் கனமான சவுண்ட் பாக்ஸுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றையும் சாவி கொடுக்கும் பெட்டியில் வைக்காதீர்கள்.

பாதிப் பாட்டிலேயே முனை மழுங்கிவிடுகிறது. என்ன செய்வது?

ஒலி திடீரென்று கரகரத்தாலோ மங்கினாலோ உடனே சவுண்ட் பாக்ஸைத் தூக்குங்கள். "இந்தப் பாட்டு முடியட்டும்" என்று விடாதீர்கள்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். வேறு தட்டில் இதே முள் முழுப் பக்கம் ஓடினால் முதல் தட்டின் பள்ளம்தான் தேய்ந்திருக்கிறது. எந்தத் தட்டிலும் ஓடவில்லை என்றால் ஊசி ஈரமாக இருக்கலாம், கூம்பு மெலிந்திருக்கலாம், அல்லது சவுண்ட் பாக்ஸின் ரப்பர் வளையங்கள் கல்லாக இறுகியிருக்கலாம். கடைசிக் காரணத்தைப் பலர் நினைப்பதே இல்லை. சவுண்ட் பாக்ஸுக்குள் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய தகடான டயாஃப்ரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் கெட்டிப்பட்டால் ஊசிக்கு அசைய இடம் கிடைக்காது. பள்ளம் ஒரு பக்கம் தள்ளும், சவுண்ட் பாக்ஸ் மறுக்கும், நடுவில் நசுங்குவது முனை. புது ரப்பர் மாற்றினால் எஃகு ஊசியிலும் ஒலி கூடும், தட்டின் தேய்மானமும் குறையும். ஷார்ப்பனருக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

1920களின் பிற்பகுதிக்குப் பின் மைக்ரோபோனில் பதிவான உரத்த தட்டுகளில் தாழ்ந்த சுரங்கள் பள்ளத்தை அகலமாக ஆட்டும். முழு வாத்தியக் குழுவின் உச்சக்கட்டத்தில் மூங்கில் சோர்வது இயல்பு. அதற்கு முள் சற்று மேல்.

சென்னை போன்ற ஊரில் மூங்கிலும் முள்ளும் நிற்குமா?

நிற்கும், உலர்வாக வைத்தால். ஈரம்தான் இவற்றுக்கு முதல் பகை. இங்கிலாந்தில்கூட மழைக்காலத்தில் மூங்கில் ஊசி சோர்ந்துபோகிறது என்று அன்றே புலம்பியிருக்கிறார்கள். ஊசியை இளஞ்சூட்டில் உலர்த்துவதும், ஈரம் உறிஞ்சும் உப்போடு மூடி வைப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமக்கு அது இன்னும் கட்டாயம்.

இறுக்கமாக மூடும் கண்ணாடி ஜாடி, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஊசிகள் ஒரு சிறிய துணிப்பையில். அவ்வளவுதான். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். தீட்டும் வேலையை ஊசி நன்றாக உலர்ந்த பிறகு செய்யுங்கள். ஈர முள்ளைத் தீட்டினால் நார் பஞ்சாகும். வெயிலில் காயவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சீராக உலராமல் வெடிக்கும்.

ஒலி மிகவும் குறைந்துவிடுகிறதே?

குறையும். மூங்கிலும் முள்ளும் உயர்ந்த சுரங்களின் ஒரு பகுதியைத் தாமே விழுங்கிவிடும். கூடவே தட்டின் இரைச்சலையும் விழுங்கும். பலர் இவற்றை விரும்பியதே அதற்காகத்தான்.

இந்தக் குறையை ஈடுகட்டவே லண்டனில் ஈ.எம்.ஜி.யும், அதிலிருந்து பிரிந்த ஈ. எம். ஜின் தொடங்கிய எக்ஸ்பர்ட் நிறுவனமும் காகிதக்கூழில் ராட்சதப் புனல்களைச் செய்தன. அறையின் ஒரு மூலையையே அடைத்துக்கொள்ளும் புனல் அது. சவுண்ட் பாக்ஸையும் முள்ளுக்கு ஏற்பச் சரிசெய்து கொடுத்தார்கள். சிறிய கைப்பெட்டி கிராமபோனில் அந்த ஒலியை எதிர்பார்க்க முடியாது. அமைதியான அறையில், இரவில், பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.

மூங்கிலும் முள்ளும் தட்டைத் தேய்க்கவே தேய்க்காது என்கிறார்களே?

விளம்பரங்கள் அப்படித்தான் சொல்லின. முழு உண்மை அல்ல. முனை மென்மையானது, அதனால் எஃகு செய்யும் கேட்டை அது செய்வதில்லை. ஆனால் தட்டில் தூசியோ, பழைய எஃகு ஊசியிலிருந்து உதிர்ந்த துகளோ இருந்தால் அது மென்மையான முனையில் பதிந்துகொள்ளும். பிறகு முள் அந்தத் துகளைச் சுமந்துகொண்டே பக்கம் முழுவதும் போகும். ஆகவே தட்டைச் சுத்தம் செய்யாமல் முள் வைப்பதில் பயனில்லை. வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி மென்மையான சோப்பு, லேபிளை நனைக்காமல் கழுவி, நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் தொடக்கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்.

எஃகு ஊசியே படாமல் மூங்கிலிலோ முள்ளிலோ மட்டும் ஓடிய தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தனி மதிப்போடு தேடுவார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் அதில் எஃகை ஒருபோதும் இறக்காதீர்கள்.

பழைய ஷார்ப்பனர் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவியே சொல்லும், பொறுமையாகப் பார்த்தால்.

எழுத்துகளில் தொடங்குங்கள். பிரிட்டிஷ் கருவியில் காப்புரிமை எண் இருந்தால் அது நல்ல தடயம். 1915 வரை அங்கே ஒவ்வோர் ஆண்டும் எண் 1இலிருந்து புதிதாகத் தொடங்கியது. அதனால் அந்தக் காலத்து எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். 1916 முதல் 100001இலிருந்து தொடர் எண். ஆறு இலக்க எண் மட்டும் இருந்தால் 1916க்குப் பிந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் வடிவப் பதிவு எண்ணும் ஆறு இலக்கமாக வரும், அது 1884இல் தொடங்கிய தனி வரிசை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு கருவிக்கு இருபது வயது கூட்டிச் சொல்பவர்கள் விற்பனையாளர்களில் நிறைய. அமெரிக்கக் காப்புரிமை பத்து லட்சத்தை எட்டியது 1911இல். டி.ஆர்.ஜி.எம். என்ற எழுத்துகள் ஜெர்மன் பயன்பாட்டு வடிவப் பதிவைக் குறிக்கும்; 1891க்கு முன் அது கிடையாது. ஜப்பானியப் பொருளில் "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" (Made in Occupied Japan) என்று இருந்தால் போர் முடிந்த பின்பு, 1952 வரையிலான காலம்.

அடுத்து உலோகம். மஞ்சள் சாயலோடு மங்கிய வெள்ளை நிக்கல் முலாம். நீலச் சாயலோடு கண்ணாடியாக மின்னினால் குரோமியம். அது 1920களின் இறுதியில்தான் பரவலானது. பேக்கலைட் உடல் என்றால் 1920களுக்கு முன் போவது அரிது. காப்புரிமை எண் பதிவான ஆண்டைத்தான் காட்டும், அந்தக் கருவி அதற்குப் பிறகு பல ஆண்டுகள் தயாராகியிருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

வாங்கும்போது எதைச் சோதிப்பது?

கட்டர் என்றால் கத்தி. படத்தில் நிக்கல் பளபளக்கும், கத்தியில் பல் விழுந்திருக்கும். கத்தியின் அருகிலிருந்து எடுத்த படம் கேளுங்கள். கைப்பிடியின் ஸ்பிரிங் திரும்புகிறதா என்றும் கேளுங்கள். முள் ஷார்ப்பனர் என்றால் கவ்வி. அதன் பிளவுபட்ட தாடைகள் ஒன்றாக மூடி முள்ளை நடுவில் பிடிக்க வேண்டும். ஒரு தாடை வளைந்திருந்தால் முனை ஒருபோதும் நடுவில் வராது, சரிசெய்வதும் கடினம். உப்புத்தாள் தேய்ந்திருப்பது குறையே அல்ல, மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டியும் பயன்பாட்டுக் குறிப்புத் தாளும் சேர்ந்து வந்தால் விலை ஏறும். அந்தத் தாளுக்காகக் கூடுதல் கொடுப்பது தகும் என்றே சொல்வேன். எந்தத் திசையில் உருட்ட வேண்டும், எந்தத் தாள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

இந்தியாவில் கிடைக்குமா?

அபூர்வம். இங்கே எஃகு ஊசிதான் ஆண்டது. ஊசி டப்பாக்கள் கிடைக்கும் அளவுக்குக் கட்டர்களும் ஷார்ப்பனர்களும் கிடைப்பதில்லை. பழைய பெட்டி கிராமபோன் வாங்கினால் அதன் ஊசிக் கிண்ணத்தையும் மூடியின் உட்புறப் பைகளையும் துழாவிப் பாருங்கள். மற்றபடி பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஏலங்கள்தான். ஜப்பானில் மூங்கில் ஊசிப் பழக்கம் இன்றும் விட்டுப்போகவில்லை. அங்கிருந்து வரும் கட்டர்கள் நல்ல நிலையில் இருக்கும்.

பித்தளைப் புனலோடு இங்கே புதிதாகச் செய்து பழையது என்று விற்கும் கிராமபோன்களில் முள் ஊசி போட முயலாதீர்கள். அவற்றில் பலவற்றின் சவுண்ட் பாக்ஸும் கையும் தட்டுக்கு ஏற்ற கோணத்தில் இருப்பதில்லை.

பழைய ஷார்ப்பனரைச் சுத்தம் செய்வது எப்படி?

முதலில் படம் எடுங்கள், பிறகு கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் பழைய பிசுக்கு இளகும். பல் துலக்கும் பழைய தூரிகை போதும். துடைத்து உலர்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அசையும் இடத்தில் மட்டும். உப்புத்தாள் பக்கமோ முள் பிடிக்கும் கவ்வியின் உள்ளேயோ எண்ணெய் போகக் கூடாது.

நிக்கல் முலாம் மெல்லியது. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அடியில் உள்ள பித்தளை தெரியத் தொடங்கும். மங்கலாக இருந்தாலும் அசல் முலாம் அசல்தான். கட்டரின் கத்தியைத் தீட்டும்போது சாய்வு முகத்தை மட்டும் நுண்ணிய எண்ணெய்க்கல்லில் இழுங்கள். தட்டை முகத்தைச் சாய்த்தால் வெட்டு சரியாக மூடாது.

உப்புத்தாளுக்கு 600 எண் எமரி தாள் சரியாக வருகிறது. இறுதி மெருகுக்கு 1000. பழைய தாளை உரிக்கும் முன் அதன் அளவைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். உரித்த தாளை எறியாதீர்கள். ஓர் உறையில் போட்டுக் கருவியோடு வையுங்கள். பின்னால் வருபவருக்கு அது ஆதாரம்.

ஊசியை நாமே செய்துகொள்ளலாமா?

மூங்கிலை முயலலாம். முற்றிய, நன்றாகக் காய்ந்த மூங்கிலின் வெளித்தோல் சேரும்படி முக்கோணக் குச்சியாகச் சீவி, 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்குங்கள். துளையில் ஆடாமல் நுழையும் தடிமன் வேண்டும். கடையில் விற்கும் மூங்கில் குச்சிகளிலும் பலர் செய்கிறார்கள். அவற்றில் தோல் இருப்பதில்லை என்பதால் சீக்கிரம் மழுங்கும்.

முள்ளுக்குச் சப்பாத்திக்கள்ளியும் கருவேலமும் நம் ஊரில் கொட்டிக் கிடக்கின்றன. செடியிலேயே முற்றிக் காய்ந்த, நேரான, கெட்டியான முள்ளாகத் தேர்ந்தெடுத்து, ஜாடியில் உலர்த்தி, ஷார்ப்பனரில் நேராகச் சுழல்கிறதா என்று பாருங்கள். வளைந்த முள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயன்படாது. முதல் சோதனையை இரண்டாம் பிரதி உள்ள, இழந்தாலும் வருத்தமில்லாத தட்டில் செய்யுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் எதை வாங்கலாம்?

ஒரு விக்டர் அல்லது ஹெச்.எம்.வி. மூங்கில் கட்டர். இவை நிறைய விற்றவை, அதனால் மற்றவற்றைவிடக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். பழுதாவதற்கு அதில் அதிக உறுப்பும் இல்லை. அதில் கை பழகி, சவுண்ட் பாக்ஸைச் சீர்செய்து, நல்ல பள்ளமுள்ள தட்டுகளைப் பிரித்து வைத்த பிறகு முள் ஷார்ப்பனருக்குப் போங்கள். பாயிண்ட்மாஸ்டர் போன்றவற்றுக்கு முதல் நாளே பணத்தைக் கொட்ட வேண்டாம். எஃகு ஷார்ப்பனரைக் கடைசியில் அலமாரிக்காக வாங்கிக்கொள்ளலாம். அதன் அருகே "தட்டுக்கு ஆகாது" என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் அதை எடுப்பவர் யார் என்பது தெரியாது அல்லவா.